பதினைந்து நாள் கடிதம்

2023 ஜூன் 18 அன்று, ஆனி பிறந்த மூன்றாம் நாள், நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தை ஒட்டிய ஒரு தெருவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் பால் காய்ச்சினோம். டிசம்பர் 13 அன்று காலி செய்தோம். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதப்பட்டிருந்தது. நாங்கள் இருந்தது ஆறு மாதம்கூட இல்லை. இடையில் விட்டுப் போனால் இரண்டு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தி சொல்லியது. அந்தப் பத்தியைத் தாண்டி எப்படி வெளியே வந்தோம் என்று பள்ளியில் உடன் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான், அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஆகிய மூவர்தான் வீட்டில். கணவருக்கு ஓசூரில் வேலை. என் இடமாறுதல் உத்தரவு கைக்கு வந்தபோது பள்ளி திறந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் வீடு பிடித்தாக வேண்டும் என்று அம்மா நின்றார். தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகள். எங்களுடையது மேல்தளம். வாடகை 9,000 ரூபாய், முன்பணம் 50,000 ரூபாய். உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய தங்கை கணவர்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் பார்க்கப் போனபோது வீடு முழுக்கப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். சுவர் பளிச்சென்று இருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். எதை மறைப்பதற்கு அந்த வெள்ளை என்று கேட்கிற வயது எனக்கு அப்போதே ஆகியிருந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு மழை நாளில், குளியலறை விளக்கின் சுவிட்சைப் போட்ட அம்மாவுக்குக் கை விண்ணென்று இழுத்தது. ஈரக் கையோடு தொட்டிருப்பாய் என்று நான் அம்மாவையே கடிந்துகொண்டேன். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டரைச் சுவிட்சுப் பெட்டியில் வைப்பதற்கு முன் பக்கத்துச் சுவரில் வைத்தார். அதன் உள்ளே இருக்கும் சிறிய விளக்கு எரிந்தது. மொட்டை மாடியில் விழுந்திருந்த வெடிப்பு வழியாக இறங்கும் மழைநீர், ஒயர் செல்லும் குழாயையே வாய்க்காலாக்கிக்கொண்டு சுவிட்சுப் பெட்டிக்குள் வந்து நிற்கிறது என்றார். எர்த் இணைப்பு பெயருக்குத்தான் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் இ.எல்.சி.பி. என்ற கருவி மீட்டர்ப் பெட்டியில் பொருத்தப்படவே இல்லை. அன்றே வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரிங்க டீச்சர், நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்றார். ஆள் வந்தது 23 நாள் கழித்து. அவரும் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் சமையலறைக் கூரையிலிருந்து தோசைக்கல் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, துலக்கி வைத்திருந்த பாத்திரங்களின் மேல் விழுந்தது. அப்போதும் தொலைபேசி, அப்போதும் "சரிங்க டீச்சர்". வந்த கொத்தனார் அரை நாளில் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார். தேநீர் குடிக்கும்போது என்ன தோன்றியதோ, எழுந்து வந்து கரணையின் பிடியால் கூரையை அங்கங்கே தட்டிக் காட்டினார். கெட்டியாக இருக்கும் இடத்தில் 'டக்' என்றும், பிடிப்பு விட்ட இடத்தில் பானையைத் தட்டினாற்போல 'டொப்' என்றும் கேட்டது. கூடத்திலும் படுக்கையறையிலும் பாதிக்கு மேல் 'டொப்'தான். "இது பூச்சு பேர்றது இல்லம்மா, உள்ள கம்பி வீங்குது. என்னைப் பூசச் சொன்னாங்க, பூசிட்டேன்" என்றார்.

கம்பி வீங்குவது என்றால் என்ன என்பதைப் பிறகு பொறியாளரான என் சித்தப்பா மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்காது; சிமெண்டின் காரத்தன்மை அதைக் காக்கும். உப்பு உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். கடற்காற்றிலிருந்து இறங்கும் உப்பு ஒரு பக்கம் என்றால், கட்டும்போதே கலவைக்கும், அது இறுகும்வரை நனைக்கவும் ஊற்றிய உவர்நீரில் இருந்த உப்பு மறுபக்கம். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துதான் அது எடுத்துக்கொள்ளும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநெறி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டில் விழுந்த துண்டை நான் அடிக்கோலால் அளந்தேன். 14 மில்லிமீட்டர். அதன் ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு. மறுபக்கத்தில் கம்பியின் முறுக்கு வரிகள் அச்சு மாறாமல் பதிந்து, காப்பித்தூள் நிறத்தில் துரு ஒட்டியிருந்தது.

இத்தகைய கூரையைச் சரிசெய்யப் பிடிப்பு விட்ட பகுதி முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, தேய்ந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, அதற்குரிய கலவையால் மறுபடி கட்ட வேண்டும். அதற்கும் முன்னால் மொட்டை மாடியில் வெடித்துக் கிடக்கும் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளத்தைப் புதிதாகப் போட்டு நீர் இறங்குவதை நிறுத்த வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மேலேயிருந்த நீர்த்தொட்டி உருண்டு அந்தத் தட்டோடுகள் நொறுங்கின என்றும், அன்று முதல் யாரும் அதைத் தொடவில்லை என்றும் கீழ்வீட்டு அக்கா சொன்னார்.

இவ்வளவும் தெரிந்தும் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தில் என் பங்குக்கான தவறு. எங்கள் பக்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் மரியாதை. எழுதிக் கொடுத்தால் பகைத்துக்கொண்டதாகப் பொருள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரை நான் "அண்ணே" என்றுதான் அழைப்பேன். அவர் வீட்டுக் கந்தூரிச் சோறு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா செய்த கொழுக்கட்டை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அப்படிப்பட்டவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவது எப்படி? நான்கு மாதங்களில் பதினொரு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட, பேசினேன் என்பதைத் தவிர, என்னிடம் சான்று இல்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் 14 விடியற்காலை, படுக்கையறைக் கூரையின் மூலையிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. மகன் படுத்திருந்த பாயின் கால்மாட்டில், அவன் முந்தின இரவு வைத்த புத்தகப் பையின் மேல் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து, "அம்மா, என் டிபன் பாக்ஸ்" என்றான். டப்பா நசுங்கியிருந்தது. அவனுடைய காலுக்கும் அந்தப் பைக்கும் இடையே என் கையால் ஒரு முழம் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தெருவில் வந்த பழைய பேப்பர்க்காரரின் தராசில் அந்தப் பாளத்தை வைத்து நிறுத்தேன்: 3 கிலோ 400 கிராம். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அம்மா அன்று முழுக்கப் பொறையாற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 2017 அக்டோபர் 20 அன்று, இதே ஐப்பசி மாதத்தில், இதே போன்ற ஒரு விடியற்காலையில், பொறையாறு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறைக் கூரை இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது பொறையாறும் நாகை மாவட்டத்தில்தான் இருந்தது. அன்றிரவு முதல் நாங்கள் மூவரும் கூடத்தில், 'டக்' என்று கேட்கும் ஒரு மூலையில், பாயை ஒடுக்கிப் போட்டுப் படுத்தோம்.

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் கணவர் வழக்கறிஞர். அவரிடம் போனபோது முதலில் கேட்டது, எத்தனை கடிதம் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான். ஒன்றுமில்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, காகிதம் இல்லை என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர் பைப்புகளை மாற்றுவது, உள்ளும் புறமும் உள்ள மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர் திறக்கும் குழாயும் அதன் வாஷரும், சுவிட்சு, சாக்கெட், பூட்டு, கண்ணாடி, அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் கழிவு அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது மாதம் 4,500 ரூபாய். அந்தக் கணக்கில் கூரையைச் சரிசெய்து முடிப்பதற்குள் என் மகன் கல்லூரிக்குப் போய்விடுவான்.

எங்களுக்குப் பயன்பட்டது அதற்கு அடுத்ததாக வரும் ஏற்பாடு. பழுது நீக்காமல் குடியிருக்க முடியாத நிலையில் வீடு இருந்து, வாடகைதாரர் எழுத்து மூலம் கேட்ட பிறகும் உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால், 15 நாள் எழுத்து மூல அறிவிப்புக் கொடுத்து வீட்டை விட்டுவிடலாம். அல்லது வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். எழுத்து மூலம் என்ற சொல் இரண்டு இடத்திலும் வருகிறது. என்னுடைய பதினொரு தொலைபேசி அழைப்புகளும் இந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன.

ஒரு குறையையும் அவர் மறைக்கவில்லை. இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களுடையது, ஊரில் பலரும் செய்வதுபோல, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதோடு நின்றிருந்தது. நாம் வழக்குக்குப் போனால் முதல் கேள்வியே அதுதான் வரும். அவர்கள் ஏழாவது பத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதே கேள்விதான் வரும் என்றார். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், இருவரும் வேறாக ஒப்புக்கொண்டிருந்தால் அது விலக்கு என்றும் சொன்னார். 50,000 கொடுக்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 16 அன்று முதல் கடிதத்தை எழுதினேன். வழக்கறிஞர் என் வரைவிலிருந்த வருத்தம், வேதனை, தாயின் மனம் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். மிஞ்சியது ஒன்றரைப் பக்கம்: எந்தத் தேதியில் எந்த அறையில் எது விழுந்தது, எந்தச் சுவரில் மின்கசிவு இருந்தது, யாரிடம் எப்போது சொன்னேன், என்ன பழுது நீக்க வேண்டும், 7 நாட்களுக்குள் பணியைத் தொடங்காவிட்டால் மறுத்ததாகவே கொள்வேன். எலக்ட்ரீஷியனும் என் தம்பியும் (பொறியாளரைத்தான் சொல்கிறேன்) தங்கள் பங்குக்கு ஆளுக்கு அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கொத்தனார் எழுதித் தர முடியாது என்றார். அந்த வீட்டாரிடம்தான் அவருக்கு வருடம் முழுக்க வேலை, நான் வற்புறுத்தவில்லை. ஒப்பந்தத்தில் கண்ட முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் உரிமையாளருக்கும் அண்ணனுக்கும் அனுப்பினேன்.

அன்று மாலையே அண்ணன் வந்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாகத் தெரிந்தது. "எழுதி அனுப்புற அளவுக்கு நாங்க என்ன டீச்சர் பண்ணிட்டோம்? ஒரு வார்த்தை சொன்னா செய்ய மாட்டமா?" என்றார். பதினொரு முறை சொன்னதை நினைவுபடுத்தினேன். "கடலோர ஊர்ல எந்த வீட்டுல சிமெண்ட் பேராம இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்காமல் போனார். சிங்கப்பூரிலிருந்து குரல் செய்தி வந்தது: பொங்கலுக்கு நேரில் வருவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம்மா, இதற்கெல்லாம் கடிதம் எதற்கு. அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார் வழக்கறிஞர். ஏழு நாளும் போயின, யாரும் வரவில்லை. கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள், நவம்பர் 27 திங்கட்கிழமை, இரண்டாவது கடிதம் போயிற்று. இது நான்கு வரிதான்.

இதற்குள் வேறு வீடு தேட வேண்டியிருந்தது. மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. டிசம்பர் 17 மார்கழி முதல் தேதி. பதினைந்து நாள் அறிவிப்பு 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை முடிகிறது. செவ்வாயில் குடிபோக அம்மா சம்மதிக்க மாட்டார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று 13ஆம் தேதியை அவரே குறித்துவிட்டார். சட்டத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் இடையில் எங்களுக்குக் கிடைத்தது நான்கே நாள். நல்லவேளையாக இரண்டு தெரு தள்ளி ஒரு தரைவீடு அமைந்தது. பார்க்கப் போனபோது ஒட்டடைக் கம்பைக் கேட்டு வாங்கி, கூரை முழுவதும் தட்டிப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் வாயில் வெற்றிலையோடு நின்று, நான் முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

சாவியை ஒப்படைத்த அன்று ஒவ்வொரு அறையையும் கூரையோடு சேர்த்துக் காணொளியாக எடுத்தேன். மீட்டரின் எண்ணைப் படம் பிடித்தேன். சாவி பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கினேன். முன்பணத்திலிருந்து 18,000 ரூபாய் ஏழாவது பத்திக்கு, 9,000 ரூபாய் பெயிண்டுக்கு என்று அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்குப் பிடிப்பது ஊரில் வழக்கம். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, நானும் இதற்கு முந்தைய வீட்டில் கேட்கவில்லை. இந்த முறை இரண்டாம் அட்டவணையின் படியை நீட்டினேன். அவர் அதைப் படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினார்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். பணம் ஜனவரி 22 அன்று வந்தது. டிசம்பரில் இருந்த 13 நாளுக்கு 3,774 ரூபாய், மின்கட்டணம் 1,226 ரூபாய் போக 45,000 வந்திருக்க வேண்டும், வந்தது 43,000. மீதி 2,000 எதற்கு என்று கேட்டபோது, குளியலறைக் குழாய் இரண்டு ஒழுகுகிறது என்றார். அட்டவணைப்படி குழாய் என் பொறுப்புதான். இரண்டு குழாய்க்கு 2,000 அதிகம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாங்கிக்கொண்டேன். உரிமையாளர் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனார் என்றும், மொட்டை மாடியில் தட்டோடு மாற்றும் வேலை தொடங்கியிருக்கிறது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கூரைக்கு உள்ளே கை வைத்தார்களா என்று தெரியவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் அண்ணன் தலையை மட்டும் அசைக்கிறார். இந்த ஆண்டு கந்தூரிச் சோறு வரவில்லை.

கீழ்வீட்டு அக்கா ஒருநாள் புது வீட்டுக்கு வந்திருந்தார். அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் இப்போது விழுகிறதாம். என் முதல் கடிதத்தின் நகலைக் கேட்டார். தேதியும் அறையின் பெயரும் மாற்றி எழுதிக்கொள்ள இடம்விட்டு, ஒரு படி எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் சந்தையில் பார்த்தபோது கொடுத்துவிட்டீர்களா அக்கா என்று கேட்டேன். "அரிசி டப்பாவுக்கு அடியிலதான்மா வச்சிருக்கேன். பெரியவனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்றார்.